நினைவும் வானொலியும்

கற்க முயன்றவை பல நினைவில் நிற்பதில்லை. கற்க முயலாதவை பல நினைவை விட்டு அகல்வதில்லை. வரலாற்றுப் பாடத்தை மும்முறை படித்தும் பரீட்சை மண்டபத்தில் ஆண்டுகளை மறந்து திகைக்கும் மாணவன், ஒருநாளேனும் அமர்ந்து மனனஞ் செய்யாத திரைப்பாடலொன்றைப் பல்லவி முதல் இறுதிச் சரணம் வரை பிழையறப் பாடிவிடுகின்றான். இதனை அவனது அசட்டையின் விளைவெனக் கண்டிப்பதோடு பெற்றோரும் ஆசிரியரும் அமைந்துவிடுதல் வழக்கம். ஆயின் பாடல் நிலைத்தமைக்கும் பாடம் நிலையாமைக்கும் தக்க காரணங்கள் உள. அவை நினைவின் இயல்பையே விளக்குவன. கொழும்பிலிருந்து எழுந்து கடல் கடந்து ஒலித்த இலங்கை வானொலியின் வரலாறு அக்காரணங்களை அறிதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

நினைவு என்பது யாது? பண்டகசாலையிலே பொருளை அடுக்கி வைத்து வேண்டும்போது எடுப்பது போன்றதே நினைவு என்பது பலர் கருத்து. உளநூலார் அதனைப் பதித்தல், பேணல், மீட்டல் என மூன்று செயல்களாகப் பகுப்பர். கண்ணாலும் செவியாலும் வருவன முதற்கண் ஒரு குறுகிய கால நினைவிற் தங்குகின்றன. அதன் கொள்ளளவு மிகச் சிறிது. 1956ஆம் ஆண்டிலே ஜோர்ஜ் மில்லர் என்னும் அமெரிக்க அறிஞர் அவ்வளவை ஏழு என்றும், அதனின் ஒன்றிரண்டு கூடுதலும் குறைதலும் உண்டென்றும் கூறினார். பின்வந்த ஆய்வாளர் நான்கே என்பர். தனித்தனி எழுத்துக்களை நினைவிற் கொள்ளுதல் அரிது. அவ்வெழுத்துக்கள் சொல்லாகவும், சொற்கள் சீராகவும் அடியாகவும் கட்டுப்பட்டால் ஒரு கட்டு ஓர் உறுப்பாகவே எண்ணப்படும். எறியப்படும் கற்களை எண்ணிக்கொண்டும், வெண்பாவுக்கு ஈற்றடி தொடுத்துக்கொண்டும், கேட்ட வினாக்களுக்கு விடையிறுத்துக்கொண்டும் அவையை வியப்பித்த அவதானிகளின் கலைக்கு இத்தகைய கட்டும் நீண்ட பயிற்சியுமே அடிப்படை. புலோலி நா. கதிரைவேற்பிள்ளை சதாவதானி எனப் போற்றப்பட்டமை ஈழத்தார் அறிந்ததே.

குறுகிய கால நினைவிலிருந்து நெடுங்கால நினைவுக்கு ஒரு நிகழ்ச்சி செல்லுதற்கு மூளையின் ஆழத்தே கடற்குதிரை வடிவினதாய் அமைந்த ஹிப்போகாம்பஸ் என்னும் உறுப்பு இன்றியமையாதது. 1953ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே ஹென்றி மோலைசன் என்பாருக்கு, வலிப்பு நோயைத் தீர்த்தற்பொருட்டு, இருபுறத்தும் அவ்வுறுப்பின் பெரும்பகுதி அகற்றப்பட்டது. நோய் தணிந்தது, ஆயின் அதன்பின் 2008இல் இறக்கும் வரை, புதிதாகச் சந்தித்தவரையோ சற்றுமுன் உண்ட உணவையோ அவரால் நினைவிற் கொள்ள இயலவில்லை. அங்ஙனமாயினும், கண்ணாடியிற் பார்த்துக்கொண்டே ஓர் உருவத்தை வரையும் பயிற்சியில் அவர் நாளுக்கு நாள் தேர்ச்சி பெற்றார்; அப்பயிற்சியை முன்னர்ச் செய்ததாக அவருக்கு நினைவே இல்லை. இதனால் நினைவு ஒன்றன்று, பல என்பது தெளிவாயிற்று. நிகழ்ச்சியை நினைத்தல் வேறு. கையும் நாவும் பழகிக்கொள்ளுதல் வேறு. பாடலின் சிறப்பு, பொருளால் அறிவிலும் பழக்கத்தால் நாவிலும் ஒருங்கே பதிவதாம்.

இனி, மறதியின் இயல்பை நோக்குதல் வேண்டும். எர்மன் எபிங்கௌஸ் என்னும் ஜெர்மானியர் பொருளற்ற அசைகளைத் தாமே மனனஞ் செய்து, மறந்தபின் மீண்டும் அவற்றைக் கற்பதில் எவ்வளவு காலம் மிச்சமாகின்றது எனக் கணித்து, 1885ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். இருபது நிமிடத்தின்பின் 58 வீதமும், ஒரு மணி நேரத்தின்பின் 44 வீதமும், ஒருநாளின்பின் 34 வீதமும், ஒரு மாதத்தின்பின் 21 வீதமுமே மிச்சமாயின. மறதி முதல் ஒரு மணி நேரத்தில் விரைந்தும், பின்னர் மெல்லவும் நிகழ்கின்றது என்பது இதனாற் பெறப்படும். அவர் கண்ட மற்றோர் உண்மை மாணவருக்கு இன்னும் பயனுடையது. பன்னிரண்டு அசைகள் கொண்ட தொடரை ஒரே நாளில் 68 முறை ஓதியதால் விளைந்த பயன், மூன்று நாட்களிற் பகிர்ந்து ஓதியபோது 38 முறையிலேயே விளைந்தது. பரீட்சைக்கு முதல்நாள் இரவு விழித்திருந்து படிப்பவன் உழைப்பை மிகுதியாகச் செலவிட்டுப் பயனைக் குறைவாகப் பெறுகின்றான் என்பதை நூற்றாண்டுக்கு மேற்பட்ட இக்கணக்கே காட்டும்.

இடைவெளி விட்டு மீண்டும் மீண்டும் ஓதுதல் தமிழர் கல்விக்குப் புதிதன்று. எழுதுபொருள் அருகியிருந்த காலத்தில் நூலையே நினைவுக்கு இசைய அமைத்தனர் முன்னோர். அடிதோறும் முதலெழுத்து ஒன்றிவரும் மோனையும், இரண்டாமெழுத்து ஒன்றிவரும் எதுகையும் செவிக்கு இன்பம் பயப்பதோடு, அடுத்துவரும் சொல்லை நாவுக்குக் காட்டிக்கொடுக்கும். ஔவையாரின் ஆத்திசூடி நெடுங்கணக்கின் வரிசையைப் பற்றிச் செல்வதால், குழந்தை எந்த வரியையும் விட்டுவிட இயலாது. அந்தாதியில் ஒரு செய்யுளின் இறுதி அடுத்த செய்யுளின் தொடக்கமாகும். இறுதிச் செய்யுள் முதற்செய்யுளிற் சென்று இணையும். காரைக்கால் அம்மையாரின் அற்புதத் திருவந்தாதி 101 வெண்பாக்களையும் இவ்வாறே ஒரு மாலையாகத் தொடுத்துள்ளது. கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரம் முதலிய சைவாலயங்களிற் பூசையின் முடிவிற் பஞ்சபுராணம் ஓதக் கேட்டு வளர்ந்த கொட்டாஞ்சேனைச் சிறுவன், தேவாரப் பதிகத்தைப் பொருளறியும் முன்னரே பண்ணோடு அறிவான். பண் சொல்லைத் தாங்கி நிற்கும். சொல் பண்ணை அழைத்து வரும்.

இவ்வமைப்பு எங்ஙனம் தொழிற்படுகின்றது என்பதைச் சிறியதோர் உதாரணத்தால் அறியலாம். பறவையொன்றின் பெயரைக் கூறுக என்றால் காகம், கிளி, புறா, கொக்கு எனப் பல விடைகள் வரும். மயில் என்பதற்கு எதுகையாய் அமையும் சொல்லொன்று கூறுக என்றால் வெயில், துயில், எயில் எனப் பல வரும். மயிலோடு எதுகை கொள்ளும் வேறொரு பறவை எது என்று வினவினால் குயில் என்பது ஐயமின்றி உடனே தோன்றும். பொருள் என்னும் குறிப்புத் தனித்து நின்றால் வலியற்றது. ஓசை என்னும் குறிப்பும் அத்தகையதே. இரண்டும் கூடியவிடத்து விடை ஒன்றாகிவிடுகின்றது. வாய்மொழி மரபுகளை ஆராய்ந்த டேவிட் ரூபின் என்னும் அமெரிக்க உளநூலார், காவியங்களும் நாட்டார் பாடல்களும் எழுத்தின் துணையின்றி நிலைத்தமைக்குப் பொருள், காட்சி, ஓசை என்பவற்றின் கூட்டே காரணமென 1995ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் நிறுவினார். மறந்ததென எண்ணப்படுவனவற்றுட் பல உண்மையில் அழிந்தனவல்ல. அவற்றை அழைத்து வரும் குறிப்பே காணாமற் போயிற்று.

இங்ஙனம் கோயிலும் திண்ணைப் பள்ளியும் செய்துவந்த பணியை இருபதாம் நூற்றாண்டில் மற்றொரு கருவி தன்னையறியாமலே மேற்கொண்டது. இலங்கையில் ஒலிபரப்பு 1925ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்திற் கொழும்பிலே முறையாகத் தொடங்கிற்று. இரண்டாம் உலகப் போரின்போது நேசநாட்டுப் படையினருக்காக நிறுவப்பெற்ற ஆற்றல் மிக்க சிற்றலைப் பரப்பி, போரின்பின் இலங்கையின் கைக்கு வந்தது. 1950இல் வர்த்தக சேவை தொடங்கப்பெற்றது. 1952இல் இந்திய ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரைப்பாடலுக்குரிய இடத்தைச் சுருக்கவே, பாடல் விரும்பிய இந்திய மக்கள் கொழும்பின் பக்கம் செவியைத் திருப்பினர். 1957இல் விவித பாரதி தொடங்கப்பெறும் வரை மட்டுமன்றி அதன் பின்னரும், தமிழகத்தின் ஊர்களில் இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை இல்லந்தோறும் ஒலித்தது. எஸ். பி. மயில்வாகனம் முதலிய அறிவிப்பாளரின் குரலை, அவர்தம் முகம் அறியாதோரும் அறிந்திருந்தனர்.

எபிங்கௌஸ் பரிசோதனைச் சாலையிற் கண்ட நெறிகள் யாவும் இவ்வொலிபரப்பில் அமைந்திருந்தமை கருதத்தக்கது. ஒரு பாடல் ஒரே நாளில் அறுபது முறை ஒலிக்கவில்லை. இன்று ஒருமுறை, இரண்டு நாள் கழித்து ஒருமுறை, நேயர் விருப்பத்தில் மற்றுமொருமுறை என இடைவெளி விட்டே ஒலித்தது. பாடலுக்கு எதுகையும் மோனையும் இருந்தன. அவற்றைத் தாங்க மெட்டு இருந்தது. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் குறித்த நேரமும் முகப்பிசையும் இருந்தன. காலி வீதியின் வெள்ளவத்தைச் சாப்பாட்டுக் கடையிலும் கொட்டாஞ்சேனைத் தேநீர்க் கடையிலும் ஒரே வேளையில் ஒரே பாடலே ஒலித்தது. படமாளிகை வாயிலிற் சில சதத்துக்கு விற்கப்பட்ட பாட்டுப் புத்தகம், செவி தவறவிட்ட சொல்லைக் கண்ணுக்குக் காட்டிற்று. கேட்டல், பாடல், சரிபார்த்தல் என்னும் மூன்றும் இங்ஙனம் கூடிய பின்னர் ஒருவன் அப்பாடலை மறத்தலே அரிது.

குறித்த வேளையும் இடமும் நினைவுக்குத் துணையாதல் பரிசோதனையாலும் உறுதிப்பட்டது. 1975இல் பிரித்தானிய ஆய்வாளராகிய கொடனும் பாட்லியும் நீர்மூழ்குவோருக்குச் சில சொற்களை நீரின் கீழும் சிலவற்றைக் கரையிலும் கற்பித்தனர். நீரின் கீழ்க் கற்றவை நீரின் கீழும், கரையிற் கற்றவை கரையிலுமே நன்கு நினைவுக்கு வந்தன. மாலை வேளை, அடுக்களையின் மணம், கடற்காற்று ஆகியன பாடலோடு பிணைந்துவிட்டமையால், அவற்றுள் ஒன்று தோன்றினும் மற்றவை தோன்றுகின்றன. அன்றியும், முதியோர் தம் வாழ்வை நினைவுகூரும்போது ஏறத்தாழப் பத்து வயது முதல் முப்பது வயது வரையிலான நிகழ்ச்சிகளே மிகுதியாக மேலெழும் என்பது பல ஆய்வுகளிற் கண்ட முடிபு. இலண்டனிலும் தொறொன்றோவிலும் வாழும் ஈழத்தமிழ் முதியோர் பழைய முகப்பிசையைக் கேட்டவுடன் கண் கலங்குவது இதனாலேயே. அவர்கள் இழந்த வீடும் தெருவும் அவ்விசையிற் பிணைந்து கிடக்கின்றன.

பி. எச். அப்துல் ஹமீத் வானொலியில் நடத்திப் பின்னர்த் தொலைக்காட்சி வழியாகத் தமிழகத்துக்கும் கொண்டுசென்ற 'பாட்டுக்குப் பாட்டு' என்னும் போட்டி, குறிப்பினால் நினைவு மீளும் இயல்பையே விளையாட்டாக்கியது. ஓர் எழுத்துக் கொடுக்கப்படும். அவ்வெழுத்தில் தொடங்கும் பாடலைப் போட்டியாளர் பாடல் வேண்டும். முதலெழுத்து ஒன்றே குறிப்பு. அதனைப் பற்றியே ஒரு பாடல் முழுதும் வெளிவரும். அந்தாதி கற்றவருக்கும் ஆத்திசூடி கற்றவருக்கும் இது பழகிய வழியேயாம். பழைய இலக்கிய மரபும் புதிய பொழுதுபோக்கும் ஒரே உளநெறியைப் பற்றி நிற்றல் இங்குப் புலனாகும்.

இதுகாறும் கூறியவற்றால் மக்கள் ஊடகம் நினைவுக்குத் துணை என்பது பெறப்பட்டது. அத்துணையிலேயே ஓர் அபாயமும் உண்டு. மீட்டல் என்பது வைத்த பொருளை வைத்தவாறே எடுத்தலன்று. ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டியெழுப்புதலாம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துப் பிரெடெரிக் பார்ட்லெட் வட அமெரிக்கப் பழங்குடியினரின் கதையொன்றை ஆங்கில மாணவருக்குக் கொடுத்துப் பல தடவை நினைவிலிருந்து எழுதச் செய்தார். கதையில் வந்த மரக்கலம் படகாயிற்று, கடல்நாய் வேட்டை மீன்பிடித்தலாயிற்று, விளங்காதவை விடுபட்டன, தமக்குப் பழகிய வழக்குக்கு ஏற்பக் கதையை அவர்கள் தம்மையறியாமலே திருத்திக்கொண்டனர். 1932இல் அவர் வெளியிட்ட நூல் இத்துறையில் இன்றும் மதிக்கப்படுகின்றது.

செய்தி கூறுவோரின் ஒரு சொல்லே நினைவை மாற்ற வல்லது. எலிசபெத் லொப்டஸ் என்னும் அமெரிக்க அறிஞர் 1974இல் மோட்டார் விபத்துப் படமொன்றை மாணவருக்குக் காட்டினார். வண்டிகள் 'மோதியபோது' என்ன வேகத்திற் சென்றன என்று ஒரு சாராரையும், 'மோதி நொறுங்கியபோது' என்ன வேகத்திற் சென்றன என்று மற்றொரு சாராரையும் வினவினார். ஒரு வாரத்தின்பின், உடைந்த கண்ணாடியைக் கண்டீர்களா என்று கேட்கப்பட்டபோது, முதற்சாராருள் 50 பேரில் 7 பேரும், மற்றைச் சாராருள் 50 பேரில் 16 பேரும் கண்டதாகக் கூறினர். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை. இனி, ஒரு கூற்று மீண்டும் மீண்டும் கேட்கப்படின், அது மெய்யாயினும் பொய்யாயினும் மெய்யெனத் தோன்றும் என்பதும் 1977இல் அமெரிக்க ஆய்வாளரால் நிறுவப்பட்டது. விளம்பரமும் வதந்தியும் வாழ்வது இவ்வியல்பினாலேயே. பாடலை நினைவில் நிறுத்திய அதே திரும்பக் கூறல் பொய்யையும் நினைவில் நிறுத்தும்.

பெருந்துயரங்களைப் பற்றிய நினைவு மாறாதது என்பது பொதுநம்பிக்கை. 1986இல் சலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாட்காலை, அச்செய்தியைத் தாம் அறிந்தது எங்ஙனம் என அமெரிக்க மாணவரைக் கொண்டு எழுதச் செய்தார் உல்ரிக் நைசர். இரண்டரை ஆண்டுகளின்பின் அவருள் 44 பேர் மீண்டும் வினவப்பட்டனர். அவருட் காற்பங்கினர் கூறிய விவரம் ஒவ்வொன்றும் முன்னர் எழுதியதோடு மாறுபட்டது. எனினும் தம் நினைவின்மீது அவர்கள் கொண்ட உறுதி குறையவில்லை. தம் கையெழுத்தைக் கண்டபின்னும் சிலர் இப்போதைய நினைவே சரியென்றனர். விண்கலம் வெடித்தது என்னும் நிகழ்ச்சியை எவரும் மறக்கவில்லை. எங்கே, எவரிடமிருந்து, எப்போது அறிந்தனர் என்பனவே பிறழ்ந்தன.

இவ்வுண்மை கொழும்புத் தமிழருக்கு வெறும் உளநூற் செய்தியன்று. 1983ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் வெள்ளவத்தை உள்ளிட்ட பல பகுதிகளில் தமிழரின் வீடுகளும் கடைகளும் எரியூட்டப்பட்டன, உயிர்கள் பறிக்கப்பட்டன, பல்லாயிரவர் பள்ளிக்கூடங்களிலும் கோயில்களிலும் அடைக்கலம் புகுந்தனர். அதற்கு ஈராண்டின் முன்னர் 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிக்கப்பட்டது. நிகழ்ந்தது நிகழ்ந்ததே, அதனை அனுபவித்தோரின் நெஞ்சில் அதன் கரு மாறாது நிற்கும். ஆயின் கண்ணாற் கண்டது, அயலார் சொல்லக் கேட்டது, பின்னர்ப் பத்திரிகைப் படத்திலும் தொலைக்காட்சியிலும் பார்த்தது என்னும் மூன்றும் ஆண்டுகள் செல்லச் செல்ல ஒன்றோடொன்று கலந்துவிடுதல் மனித இயல்பு. நாளும் தெருவும் பெயரும் பிறழுமாயின், மெய்யான துயரத்தையும் பொய்யென்று தள்ள விழைவோருக்கு அதுவே கருவியாகும். ஆதலின் கண்டவர் கண்டதைக் காலந் தாழ்த்தாது எழுதிவைத்தல் உண்மைக்குச் செய்யும் கடமையாகும். எழுதாது போன கண்டோர் பலர் இப்பொழுது முதுமையெய்தியுள்ளனர். அவரிடம் சென்று, கண்டதையும் கேட்டதையும் வேறுபிரித்து வினவி எழுதிக்கொள்ளுதல் இளைஞருக்கு எளிதிற் கைகூடும் பணி.

எழுத்து வந்தால் நினைவு மெலியும் என்னும் அச்சம் கிரேக்க ஞானி பிளேட்டோவின் உரையாடல் ஒன்றிலேயே காணப்படுகின்றது. அச்சு வந்தபோதும் வானொலி வந்தபோதும் அவ்வச்சம் மீண்டும் எழுந்தது. கைத்தொலைபேசி வந்த இக்காலத்திலும் எழுகின்றது. எழுத்து நினைவுக்குப் பகையன்று. நினைவைத் திருத்தும் சான்று. யாழ்ப்பாணத்தில் எரிந்த நூல்களைப் போன்றன மீண்டும் அழியாதிருத்தற்கு, 2005இல் தொடங்கப்பெற்ற 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பள்ளி மலர்களையும் பேணி வருகின்றது. 1942இல் நிறுவப்பெற்ற கொழும்புத் தமிழ்ச் சங்கம் வெள்ளவத்தையில் நூலகமொன்றை நடத்துகின்றது. இக்காலத்தின் மெய்யான இழப்பு வேறோரிடத்தில் உள்ளது. முற்காலத்தில் ஒரு தெரு முழுதும் ஒரே பாடலைக் கேட்டது. இன்றோ ஒரே வீட்டில் நால்வர் நான்கு கருவிகளில் நான்கினைக் கேட்கின்றனர். ஒருவருக்கொருவர் நினைவூட்டுதற்குப் பொதுக்குறிப்பு இல்லையாயின், ஒரு சமூகத்தின் பொதுநினைவு தனித்தனித் துணுக்குகளாய்ச் சிதறும்.

இவற்றால் ஆசிரியரும் மாணவரும் கொள்ளத்தக்கன சில உள. வாசித்ததையே மீண்டும் வாசித்தல் கற்றது போன்ற மயக்கத்தைத் தரும். நூலை மூடிவைத்து நினைவிலிருந்து கூறிப் பார்த்தலே கல்வியை நிலைநிறுத்தும். ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006இல் நடத்திய ஆய்வில், ஒரு பகுதியை இருமுறை வாசித்தோர் ஒரு வாரத்தின்பின் 42 வீதத்தையும், ஒருமுறை வாசித்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தோர் 56 வீதத்தையும் நினைவுகூர்ந்தனர். முன்னோர் 'பாடம் ஒப்புவித்தல்' என்றது இதனையே. அதனை நாள் இடைவிட்டுச் செய்தல் வேண்டும். செய்யுளை ஓசையோடு ஓதுதல் வேண்டும். சூத்திரத்தையும் ஆண்டையும் எதுகை மோனையிற் கட்டிக்கொள்ளுதலும் தகும். வகுப்பு முழுதும் கூடிப் பாடும் பாடல்கள் சிலவாவது ஒவ்வொரு கல்லூரியிலும் இருத்தல் நலம். அவை பழைய மாணவர் எங்குச் சென்றாலும் அவர்களைப் பிணைத்து நிற்கும்.

ஊடகத்திற் பலமுறை கேட்டதனாலேயே ஒன்றை மெய்யெனக் கொள்ளாது, அது எங்கிருந்து வந்தது, எவர் கண்டார், எப்போது எழுதப்பட்டது என வினவும் பழக்கமும் இதனோடு வளர்தல் வேண்டும். செவிவழிச் சொல் நினைவை நிறுத்தும். எழுத்து அந்நினைவின் மெய்யைக் காக்கும். வானொலியைக் கேட்டு வளர்ந்த தலைமுறை முதலாவதை நன்கு பெற்றிருந்தது. இரண்டாவதை நிறைவேற்றும் பொறுப்பு, அத்தலைமுறையினர் நம்மிடை வாழும் இந்நாளிலேயே, அடுத்த தலைமுறையின் கையில் உள்ளது.